ஒப்புமைத் திரையும் ஒத்தியக்கத் துடிப்புகளும்: கப்சர் காட்டுடன் இணைத்தல்

இலத்திரனியல் தொழினுட்பம் – பாடக் குறிப்பும் பயிற்சி வினாக்களும்

கற்றற் பேறுகள்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
(அ) ஒப்புமைக் காட்சிச் சைகையில் ஒத்தியக்கத் துடிப்பின் பணியை விளக்குவீர்கள்.
(ஆ) கோட்டு மீடிறன், படப்புள்ளி மீடிறன் ஆகியவற்றைக் கணிப்பீர்கள்.
(இ) ஒரு திரையின் சைகையைப் பிரித்துக் கப்சர் காட்டுக்குக் கொடுக்கும் சரியான முறையைக் கூறுவீர்கள்.
(ஈ) படத்தில் தெரியும் குறைபாட்டைக் கொண்டு பழுதான தொடுப்பை இனங்காண்பீர்கள்.

1. அறிமுகம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமை, சீமெந்துக் கிளிங்கர், எரிபொருள் முதலியவற்றை ஏற்றிய கப்பல்கள் வருகின்றன. சீனக்குடாப் பக்கத்தில் உள்ள பிறீமா மாவாலை, ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை ஆகியன இக்கப்பல்களை நம்பியே இயங்குகின்றன. இவ்வாறான பெருங் கப்பல்களில் ‘பயணத் தரவுப் பதிகருவி’ என்னும் ஒரு சாதனம் பொருத்தப்பட்டிருக்கும். விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் போன்றதே இது.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சமவாயத்தின் (சோலாஸ்) ஐந்தாம் அத்தியாயம், 20 ஆம் ஒழுங்குவிதிப்படி, 2002 யூலை 1 ஆம் திகதியிலோ அதன் பின்னரோ கட்டப்பட்ட, 3000 மொத்தத் தொன் கொள்ளளவும் அதற்கு மேற்பட்டதுமான சரக்குக் கப்பல்கள் இதனைக் கொண்டிருத்தல் வேண்டும். கப்பலின் நிலையம், வேகம், திசை, மேற்றளக் கட்டுப்பாட்டறையில் பேசப்பட்டவை, வானொலி உரையாடல் ஆகியவற்றுடன் ராடர் திரையில் தெரிந்த படமும் இக்கருவியில் பதிவாகின்றது. ராடர் படம் 15 செக்கனுக்கு ஒருமுறை பதியப்படும்.

விபத்தொன்று நேர்ந்தபின் “அந்த நேரத்தில் மாலுமி திரையில் எதனைக் கண்டார்?” என்ற வினாவுக்கு விடை தருவது இப்படமே. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிறெஸ் பேர்ள் கப்பல் யூன் மாதத்தில் மூழ்கத் தொடங்கியபோது, அதன் பயணத் தரவுப் பதிகருவியை மீட்பதற்கு முன்னுரிமை அளிக்கப்பட்டமை நினைவிருக்கலாம்.

அக்காலக் கப்பல்கள் பலவற்றில் ராடர் திரை ஒப்புமை வகையைச் சேர்ந்தது. அத்திரைக்குச் செல்லும் சைகையைப் பிரித்தெடுத்து, பதிகருவியினுள் உள்ள கப்சர் காட்டுக்கு (காட்சிப் பிடிப்பு அட்டை) வழங்குவர். இந்தத் தொடுப்பே இப்பாடத்தின் பொருளாகும்.

2. படம் வோல்ற்றளவாக மாறும் விதம்

கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரையில் இலத்திரன் கற்றையொன்று இடமிருந்து வலமாக ஒரு கோட்டை வரையும். பின்பு விரைவாக இடப்பக்கம் திரும்பி, சற்றுக் கீழே அடுத்த கோட்டை வரையும். இவ்வாறு அடிவரை சென்றதும் மீண்டும் மேல் இடது மூலைக்குத் திரும்பும். இச்செயல் வருடல் எனப்படும்.

கற்றை செல்லும்போது ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதை வடத்தில் வரும் வோல்ற்றளவு தீர்மானிக்கிறது. 0 வோல்ற்று என்றால் கறுப்பு, 0.7 வோல்ற்று என்றால் முழு ஒளிர்வு. இடைப்பட்ட வோல்ற்றளவுகள் இடைப்பட்ட ஒளிர்வுகளைத் தரும்.

இங்கு ஒரு முக்கிய விடயத்தைக் கவனிக்க. வடத்தில் வருவது நேரத்துடன் மாறும் ஒரு வோல்ற்றளவு மாத்திரமே. “இது மேலிருந்து 200 ஆவது கோடு, இடமிருந்து 350 ஆவது புள்ளி” என்று அந்த வோல்ற்றளவு எதுவும் சொல்வதில்லை. எனவே, கோடு எங்கு தொடங்குகிறது, படம் எங்கு தொடங்குகிறது என்பதை அறிவிக்க வேறு துடிப்புகள் தேவைப்படுகின்றன.

• கிடை ஒத்தியக்கத் துடிப்பு: புதிய கோடு தொடங்குவதை அறிவிக்கும்.
• நிலைக்குத்து ஒத்தியக்கத் துடிப்பு: புதிய படம் தொடங்குவதை அறிவிக்கும்.

காட்சிச் சைகை ஒரு புள்ளியின் ஒளிர்வைத் தருகிறது. ஒத்தியக்கத் துடிப்பு அப்புள்ளிக்கு இடத்தைத் தருகிறது. ஒத்தியக்கம் இழக்கப்பட்டால் ஒளிர்வுகள் எல்லாம் வந்து சேர்ந்தாலும் படம் கிடைக்காது.

ராடருக்கும் இதே தத்துவம் பொருந்தும். ராடர் ஒரு துடிப்பை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. துடிப்பு அனுப்பப்பட்ட கணத்தை அறிவிக்கும் தொடக்கத் துடிப்பு இல்லாவிடின் தூரத்தைக் கணிக்க முடியாது. ஒரு மைக்கிரோசெக்கன் தாமதம் 150 மீற்றர் தூரத்தைக் குறிக்கும். 60 மைக்கிரோசெக்கனில் திரும்பும் எதிரொலி 60 × 150 = 9000 மீற்றர், அதாவது 9 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பொருளினுடையது.

3. தொலைக்காட்சிச் சைகை

1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி, பால் முறையைப் பின்பற்றியது. அம்முறையின் அளவுகள் வருமாறு:

மொத்தக் கோடுகள் – 625
ஒரு செக்கனுக்கான முழுப் படங்கள் – 25
கட்புலனாகும் கோடுகள் – 576
கிடை ஒத்தியக்கத் துடிப்பின் அகலம் – 4.7 மைக்கிரோசெக்கன்
சைகையின் மொத்த உயரம் – 1 வோல்ற்று (காட்சி 0.7, ஒத்தியக்கம் 0.3)

இச்சைகையில் காட்சியும் ஒத்தியக்கமும் ஒரே வடத்தில் வருகின்றன. ஒத்தியக்கத் துடிப்பு கறுப்பு மட்டத்துக்குக் கீழே 0.3 வோல்ற்று இறங்குவதனால், வாங்கி அதனை எளிதில் வேறுபடுத்திக்கொள்கிறது. இது சேர்த்திக் காட்சிச் சைகை எனப்படும்.

தீர்க்கப்பட்ட உதாரணம் 1
பால் முறையில் கோட்டு மீடிறனையும் ஒரு கோட்டுக்கு எடுக்கும் நேரத்தையும் கணிக்க.

தீர்வு:
கோட்டு மீடிறன் = மொத்தக் கோடுகள் × ஒரு செக்கனுக்கான படங்கள்
= 625 × 25 = 15 625 ஹேர்ட்ஸ்
ஒரு கோட்டின் நேரம் = 1 ÷ 15 625 = 0.000064 செக்கன் = 64 மைக்கிரோசெக்கன்

4. கணினித் திரை, ராடர் திரை ஆகியவற்றின் சைகை

ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறச் சைகைகள் மூன்று தனி வடங்களில் செல்கின்றன. ஒத்தியக்கத் துடிப்புகளுக்கும் தனி வடங்கள் உண்டு. பின்னர் வந்த உயர் பிரிதிறன் திரைகளும் இதே முறையைப் பின்பற்றின. ஒத்தியக்கம் அனுப்பப்படும் விதத்துக்கேற்ப இவற்றை மூன்றாக வகுக்கலாம்.

வகை 1 – தனி ஒத்தியக்கம்: மூன்று நிறங்கள், கிடைத் துடிப்பு, நிலைக்குத்துத் துடிப்பு. மொத்தம் 5 வடங்கள்.
வகை 2 – சேர்த்தி ஒத்தியக்கம்: மூன்று நிறங்கள், இரு துடிப்புகளும் சேர்ந்த ஒரு வடம். மொத்தம் 4 வடங்கள்.
வகை 3 – பச்சைமீது ஒத்தியக்கம்: துடிப்புகள் பச்சைச் சைகையின் கறுப்பு மட்டத்துக்குக் கீழே சேர்க்கப்பட்டிருக்கும். மொத்தம் 3 வடங்கள்.

திரையின் பின்புறத்தில் உள்ள பி.என்.சி. குதைகளில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என எண்ணிப் பார்த்தால் எந்த வகை என்பதை ஊகிக்கலாம். கையேட்டைப் பார்த்து உறுதிசெய்தல் அவசியம்.

வி.ஜி.ஏ. 15 ஊசி இணைப்பியின் முக்கிய ஊசிகள்

1 – சிவப்பு
2 – பச்சை
3 – நீலம்
6, 7, 8 – முறையே அம்மூன்று நிறங்களின் மீள்பாதை
10 – ஒத்தியக்கத்துக்கான புவித்தொடுப்பு
13 – கிடை ஒத்தியக்கம்
14 – நிலைக்குத்து ஒத்தியக்கம்

திரையில் தெரியும் பகுதியைவிடச் சைகையில் கூடுதலான கோடுகளும் புள்ளிகளும் உள்ளன. கற்றை திரும்புவதற்கு நேரம் ஒதுக்கப்படுவதே காரணம்.

தெரியும் பகுதி 640 × 480. மொத்தம் 800 × 525
தெரியும் பகுதி 1024 × 768. மொத்தம் 1344 × 806
தெரியும் பகுதி 1280 × 1024. மொத்தம் 1688 × 1066
(மூன்றும் செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்கள் காட்டும்போது)

தீர்க்கப்பட்ட உதாரணம் 2
1280 × 1024 பிரிதிறனுடைய ராடர் திரையொன்று செக்கனுக்கு 60 படங்களைக் காட்டுகிறது. கோட்டு மீடிறனையும் படப்புள்ளி மீடிறனையும் கணிக்க.

தீர்வு:
கோட்டு மீடிறன் = 1066 × 60 = 63 960 ஹேர்ட்ஸ் ≈ 64 கிலோஹேர்ட்ஸ்
படப்புள்ளி மீடிறன் = 1688 × 63 960 = 107 964 480 ஹேர்ட்ஸ் ≈ 108 மெகாஹேர்ட்ஸ்

கவனிக்க: 1066 இற்குப் பதிலாக 1024 ஐப் பெருக்குவது தவறாகும். கணிப்பில் மொத்த எண்ணிக்கையையே பயன்படுத்த வேண்டும்.

இவ்விடையிலிருந்து இன்னுமொரு முடிவுக்கு வரலாம். தொலைக்காட்சிச் சைகைக்கெனச் செய்யப்பட்ட கப்சர் காட் 15.625 கிலோஹேர்ட்ஸ் கோட்டு மீடிறனை எதிர்பார்க்கிறது. ராடர் திரை தருவதோ 64 கிலோஹேர்ட்ஸ். பொருத்தமான செருகியைப் பற்றவைத்து இரண்டையும் தொடுத்தாலும் படம் வராது. காட் வாங்குவதற்கு முன்னர் அது ஏற்கக்கூடிய கோட்டு மீடிறன், படப்புள்ளி மீடிறன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

5. கப்சர் காட்டினுள் நிகழ்வது

படி 1: கிடை ஒத்தியக்கத் துடிப்பைக் காட் கண்டறிகிறது.
படி 2: கட்டப் பூட்டுச் சுற்று (பி.எல்.எல்.) அத்துடிப்பை அடிப்படையாகக் கொண்டு படப்புள்ளிக் கடிகாரத்தை மீளவும் உருவாக்குகிறது. மேலே தந்த உதாரணத்தில் ஒரு கிடைத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாக 1688 கடிகாரத் துடிப்புகள் உண்டாக வேண்டும்.
படி 3: ஒவ்வொரு கடிகாரத் துடிப்பின்போதும் ஒப்புமை–இலக்க மாற்றி நிறச் சைகையின் வோல்ற்றளவை அளக்கிறது. 8 பிற்று மாற்றியில் 0 வோல்ற்று 0 ஆகவும் 0.7 வோல்ற்று 255 ஆகவும் பதியப்படும்.
படி 4: நிலைக்குத்துத் துடிப்பு வந்ததும் புதிய படச்சட்டம் தொடங்குகிறது.

படப்புள்ளிக் கடிகாரம் திரையிலிருந்து வருவதில்லை என்பதைக் கவனிக்க. வி.ஜி.ஏ. வடத்தில் அதற்கெனக் கம்பியில்லை. கிடைத் துடிப்பிலிருந்தே காட் அதனை அனுமானிக்கிறது. 1688 இற்குப் பதிலாக 1680 என அமைத்தால், கடிகாரம் சைகையுடன் பொருந்தாது விலகி, எழுத்துகள் சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் மங்கலாகவும் தெரியும். மங்கல் பட்டிகள் நிலைக்குத்தாகக் காணப்பட்டால் இந்த எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.

துடிப்பின் முனைவும் முக்கியமானது. ஓய்வில் உயர்ந்த மட்டத்தில் இருந்து துடிப்பின்போது தாழ்வது மறை முனைவு. தாழ்ந்த மட்டத்திலிருந்து உயர்வது நேர் முனைவு. 1024 × 768, 60 ஹேர்ட்ஸ் நியமத்தில் இரு துடிப்புகளும் மறை முனைவுடையன. 1280 × 1024, 60 ஹேர்ட்ஸ் நியமத்தில் இரண்டும் நேர் முனைவுடையன.

6. சைகையைப் பிரித்தல்: 75 ஓம் விதி

காட்சிச் சைகையைக் கொண்டுசெல்லும் ஓரச்சு வடத்தின் சிறப்பியல்புத் தடங்கல் 75 ஓம் ஆகும். மூலத்தின் உட்தடையும் 75 ஓம். வடத்தின் முடிவில் உள்ள சாதனமும் 75 ஓம் தடையைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் சைகை முழுமையாக உறிஞ்சப்படும். முடிவில் தடை இல்லாவிடின் சைகை தெறித்துத் திரும்பி, படத்தில் ஒவ்வோர் உருவின் அருகிலும் ஒரு நிழலுரு தோன்றும்.

ராடர் திரையில் வந்து முடியும் வடத்தை ‘ரி’ இணைப்பியால் பிரித்து, ஒரு கிளையைக் கப்சர் காட்டுக்குக் கொடுத்தால் என்ன நிகழும்?

தீர்க்கப்பட்ட உதாரணம் 3
மூலத்தின் மின்னியக்க விசை 1.4 வோல்ற்று, உட்தடை 75 ஓம். (அ) ஒரு 75 ஓம் சுமை, (ஆ) சமாந்தரமாக இரு 75 ஓம் சுமைகள் தொடுக்கப்படும்போது சுமைக்குக் குறுக்கேயுள்ள அழுத்தத்தைக் கணிக்க.

தீர்வு:
(அ) 1.4 × 75 ÷ (75 + 75) = 0.7 வோல்ற்று
(ஆ) சமாந்தரத் தடை = 75 ÷ 2 = 37.5 ஓம்
அழுத்தம் = 1.4 × 37.5 ÷ (75 + 37.5) = 0.467 வோல்ற்று (ஏறத்தாழ)

சைகை மூன்றில் இரண்டாகக் குறைந்துவிட்டது. கப்சர் காட்டில் 255 ஆகப் பதியவேண்டிய ஒளிர்வு 170 ஆகப் பதியும். இதனைவிடக் கவலைக்குரியது, மாலுமி பார்த்துக்கொண்டிருக்கும் திரையும் அதே அளவுக்கு மங்கிவிடுவதாகும்.

இது கணக்கோடு முடியும் விடயமன்று. கொட்டியாரக் குடாவிலும் திருகோணமலைக்கு வெளிக் கடலிலும் இரவில் தொழில் செய்யும் மீனவரின் சிறு படகுகள் கண்ணாடிநாரினால் ஆனவை. கண்ணாடிநார் ராடர் அலையை உருக்கைப்போல் நன்கு தெறிக்கச் செய்வதில்லை. ஆகவே அப்படகுகளின் எதிரொலி இயல்பாகவே நலிவானது. திரை மங்கினால் முதலில் கண்ணுக்குப் புலப்படாமற் போவது அந்த நலிவான புள்ளிகளே. பதிவுக்கென இணைக்கப்பட்ட கருவி, வழிநடத்தலுக்கென உள்ள திரையை எவ்விதத்திலும் பாதிக்கக்கூடாது என்ற விதி இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

சரியான முறைகள் இரண்டு:

(1) பகிர்வு விரியலாக்கி: மூலத்தின் சைகையை 75 ஓம் சுமையாக நின்று ஏற்று, ஒன்றுக்கு மேற்பட்ட வெளியீடுகளை ஒவ்வொன்றும் 0.7 வோல்ற்றாகத் தரும். ஒரு வெளியீடு திரைக்கு, மற்றையது கப்சர் காட்டுக்கு. விரியலாக்கிக்கு மின்வழங்கல் நின்றுபோனால் திரைக்குச் சைகை செல்லுமா என்பதையும் கையேட்டிற் பார்க்க வேண்டும்.

(2) ஊடுசெல் தொடுப்பு: சில சாதனங்களில் உள்ளீட்டுக் குதைக்கு அருகே வெளியீட்டுக் குதையும், 75 ஓம் தடையைச் சேர்க்கவோ நீக்கவோ ஓர் ஆளியும் உண்டு. வடம் முதலாம் சாதனத்தின் ஊடாகச் சென்று இரண்டாவதில் முடியும். இறுதிச் சாதனத்தின் ஆளியை மாத்திரம் 75 ஓமில் வைக்க வேண்டும். இடைப்பட்டதன் ஆளி உயர் தடங்கலில் இருக்க வேண்டும்.

தனி ஒத்தியக்க வடங்களில் 0 முதல் 5 வோல்ற்று வரையான தர்க்க மட்டத் துடிப்புகளே பொதுவாகச் செல்கின்றன. இவற்றையும் விரியலாக்கியின் ஊடாகவே பிரித்தல் பாதுகாப்பானது.

7. தொடுக்கும் ஒழுங்கு

1. கப்பல் துறையில் கட்டப்பட்டு, ராடர் நிறுத்தப்பட்ட பின்னரே வேலையைத் தொடங்குக. பொறுப்பான அலுவலரின் அனுமதியைப் பெறுக.
2. திரையின் கையேட்டிலிருந்து பிரிதிறன், கோட்டு மீடிறன், ஒத்தியக்க வகை, முனைவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.
3. கப்சர் காட் அவ்வளவுகளை ஏற்குமா எனச் சரிபார்க்க.
4. ஒத்தியக்க வடங்களை முதலில் தொடுத்து, காட் மீடிறனைச் சரியாகக் காட்டுகிறதா எனப் பார்க்க.
5. பின்பு பச்சை, சிவப்பு, நீலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொடுக்க. (பச்சைமீது ஒத்தியக்க வகையாயின் பச்சை வடமே முதலில் வரும்.)
6. திரையின் ஒளிர்வு முன்பிருந்ததைப் போலவே உள்ளதா என இன்னொருவரைக் கொண்டு உறுதிப்படுத்துக.
7. பதியப்பட்ட படத்தைத் திறந்து, திரையில் உள்ள சிறிய எழுத்துகளும் நலிவான எதிரொலிகளும் தெரிகின்றனவா எனப் பார்க்க.

நான்காம் படியை ஏன் முதலில் செய்கிறோம்? ஒத்தியக்கம் சரியாக இருப்பின், நிறம் எதுவும் இல்லாமலே காட் “64 கிலோஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ்” போன்ற அளவீட்டைக் காட்டும். அதன்பின் வரும் எந்தக் குறைபாடும் நிற வடங்களுக்கு உரியது என அறியலாம். எல்லாவற்றையும் ஒருங்கே தொடுத்துவிட்டுப் பழுதைத் தேடுவது நேரத்தை வீணாக்கும்.

பாதுகாப்பு: கதோட்டுக் கதிர்க் குழாயின் அனோட்டில் 20 000 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கக்கூடும். மின்னை நிறுத்திய பின்னரும் அது சில காலம் எஞ்சியிருக்கும். திரையின் உறையை மாணவர் திறத்தலாகாது. வெளிப்புறக் குதைகளுடன் மாத்திரம் வேலை செய்க.

துறைமுகச் சூழலில் உப்புக் காற்று இணைப்பிகளை அரிக்கும். பி.என்.சி. குதையில் பச்சை நிறப் படிவு காணப்பட்டால், தொடுகைத் தடை கூடியிருக்கும். இணைப்பியை மாற்றிய பின்னரே ஏனைய சோதனைகளைச் செய்க.

8. குறைபாடுகளை இனங்காணல்

குறைபாடு: படம் சாய்ந்து கிழிந்ததுபோல் தெரிதல்
காரணம்: கிடை ஒத்தியக்கம் இல்லை, அல்லது நலிவானது

குறைபாடு: படம் மேலும் கீழும் உருளுதல்
காரணம்: நிலைக்குத்து ஒத்தியக்கம் இல்லை

குறைபாடு: படம் ஒரு பக்கம் தள்ளித் தெரிதல்
காரணம்: துடிப்புக்கும் படத்தொடக்கத்துக்கும் இடையிலான புள்ளிகளின் எண்ணிக்கை பிழையாக அமைக்கப்பட்டுள்ளது

குறைபாடு: வெள்ளை நிறம் மஞ்சளாகத் தெரிதல்
காரணம்: நீல வடம் துண்டிக்கப்பட்டுள்ளது (சிவப்பு + பச்சை = மஞ்சள்)

குறைபாடு: படம் முழுவதும் மங்கல்
காரணம்: 75 ஓம் தடை இரு இடங்களில் தொடுக்கப்பட்டுள்ளது

குறைபாடு: உருக்களுக்கு வலப்புறத்தில் நிழலுரு
காரணம்: 75 ஓம் தடை இல்லை, சைகை தெறிக்கிறது

குறைபாடு: திரையில் படம் உண்டு, காட்டில் “சைகை இல்லை”
காரணம்: ஒத்தியக்க வகை தவறாகத் தெரிவுசெய்யப்பட்டுள்ளது, அல்லது மீடிறன் காட்டின் வீச்சுக்கு வெளியே உள்ளது

9. சேமிப்பின் அளவு

தீர்க்கப்பட்ட உதாரணம் 4
1280 × 1024 பிரிதிறனுடைய படமொன்று, ஒரு புள்ளிக்கு 3 பைற்று வீதம், 15 செக்கனுக்கு ஒருமுறை பதியப்படுகிறது. 12 மணித்தியாலத்துக்கு வேண்டிய சேமிப்பைக் கணிக்க. (சுருக்கம் செய்யப்படவில்லை எனக் கொள்க.)

தீர்வு:
ஒரு படம் = 1280 × 1024 × 3 = 3 932 160 பைற்று
படங்களின் எண்ணிக்கை = 12 × 3600 ÷ 15 = 2880
மொத்தம் = 3 932 160 × 2880 = 11 324 620 800 பைற்று ≈ 11.3 கிகாபைற்று

1997 இல் சர்வதேச கடல்சார் அமைப்பு ஏற்றுக்கொண்ட செயற்றிறன் நியமம் குறைந்தது 12 மணித்தியாலப் பதிவைக் கோரியது. 2014 யூலை 1 முதல் பொருத்தப்படும் கருவிகளுக்கு, பாதுகாக்கப்பட்ட பெட்டகத்தில் 48 மணித்தியாலமும், நீண்டகாலப் பதிவில் 30 நாளும் வேண்டும் எனப் புதிய நியமம் விதித்தது. படங்கள் சுருக்கியே சேமிக்கப்படுவதன் தேவை இதிலிருந்து விளங்கும்.

பழைய சரக்குக் கப்பல்களுக்கு எளிமையாக்கப்பட்ட பதிகருவி அனுமதிக்கப்பட்டது. ராடர் படத்தைப் பெறுவதற்கான இடைமுகம் கிடைக்காதவிடத்து, தானியங்கி இனங்காணல் முறைமையின் (ஏ.ஐ.எஸ்.) தரவை அதற்குப் பதிலாகப் பதியலாம் என அந்நியமம் கூறியது. ஆனால் அத்தரவு, ஏ.ஐ.எஸ். ஒலிபரப்பி பூட்டிய கலங்களை மட்டுமே காட்டும். ஒலிபரப்பி இல்லாத மீன்பிடிப் படகு ராடர் படத்தில் மாத்திரமே தெரியக்கூடும். ராடர் தொடுப்பைச் சரியாகச் செய்வதன் பெறுமதி இங்குதான் வெளிப்படுகிறது.

புதிய கப்பல்களில் ராடர் படம் இலக்கமுறை இணைப்பினால் அல்லது வலையமைப்பினால் பதிகருவிக்குச் செல்கிறது. ஆயினும் ஒரு கப்பல் இருபது, முப்பது ஆண்டுகள் சேவையில் இருக்கக்கூடும். பயணத் தரவுப் பதிகருவி ஒவ்வோர் ஆண்டும் சோதிக்கப்படல் வேண்டும் என்பதும் சோலாஸ் விதியாகும். எனவே ஒப்புமைத் தொடுப்பை அறிந்த தொழினுட்பவியலாளருக்குத் துறைமுகங்களில் இன்னும் வேலை உண்டு.

10. பொழிப்பு

• ஒப்புமைக் காட்சிச் சைகை நேரத்துடன் மாறும் வோல்ற்றளவாகும். ஒத்தியக்கமே அதற்கு இடத்தைக் கொடுக்கிறது.
• கோட்டு மீடிறன் = மொத்தக் கோடுகள் × ஒரு செக்கனுக்கான படங்கள்.
• படப்புள்ளி மீடிறன் = ஒரு கோட்டின் மொத்தப் புள்ளிகள் × கோட்டு மீடிறன்.
• ஒரு நிறச் சைகைப் பாதையின் முடிவில் ஒரேயொரு 75 ஓம் தடை இருக்க வேண்டும்.
• முதலில் ஒத்தியக்கம், பின்னர் நிறம்.
• பதிவுக் கருவி மூலத் திரையைப் பாதிக்கலாகாது.

பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. வி.ஜி.ஏ. இணைப்பியில் கிடை ஒத்தியக்கத் துடிப்பு செல்லும் ஊசி
(1) 1 (2) 10 (3) 13 (4) 14

2. திரையில் படம் மேலும் கீழும் உருளுமாயின் முதலில் சோதிக்க வேண்டியது
(1) சிவப்பு வடம் (2) நிலைக்குத்து ஒத்தியக்க வடம் (3) 75 ஓம் தடை (4) படப்புள்ளி எண்ணிக்கை

3. மூன்று வடங்கள் மாத்திரம் தொடுக்கப்பட்ட நிறத் திரையொன்றில் ஒத்தியக்கம் வரும் வடம் பெரும்பாலும்
(1) சிவப்பு (2) நீலம் (3) பச்சை (4) புவித்தொடுப்பு

4. வெள்ளை நிறம் மஞ்சளாகத் தெரிந்தால் துண்டிக்கப்பட்டிருப்பது
(1) சிவப்பு வடம் (2) பச்சை வடம் (3) நீல வடம் (4) கிடை ஒத்தியக்க வடம்

5. ராடர் எதிரொலி 40 மைக்கிரோசெக்கனில் திரும்புமாயின் பொருளின் தூரம்
(1) 3 கிலோமீற்றர் (2) 6 கிலோமீற்றர் (3) 9 கிலோமீற்றர் (4) 12 கிலோமீற்றர்

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை வினா

6. 1024 × 768 பிரிதிறனுடைய திரையொன்றில் மொத்தப் புள்ளிகள் 1344 உம் மொத்தக் கோடுகள் 806 உம் உள்ளன. அது செக்கனுக்கு 60 படங்களைக் காட்டுகிறது.
(அ) கோட்டு மீடிறன் யாது?
(ஆ) படப்புள்ளி மீடிறன் யாது?
(இ) தொலைக்காட்சிக் கப்சர் காட்டினால் இச்சைகையைப் பதிய முடியாமைக்குக் காரணம் தருக.

பகுதி 3 – கட்டுரை வினா

7. கப்பலொன்றின் ராடர் திரையை ‘ரி’ இணைப்பியால் பிரித்துப் பதிகருவிக்குத் தொடுத்த பின்னர், திரை மங்கலாயிற்று.
(அ) காரணத்தைக் கணிப்பின் மூலம் விளக்குக.
(ஆ) இதனைத் திருத்தும் இரு முறைகளைக் கூறுக.
(இ) திருத்தாது விடுவதனால் கடலில் ஏற்படக்கூடிய ஆபத்து ஒன்றைக் குறிப்பிடுக.

விடைகள்

1 – (3). 2 – (2). 3 – (3). 4 – (3). 5 – (2)

6. (அ) 806 × 60 = 48 360 ஹேர்ட்ஸ் ≈ 48.4 கிலோஹேர்ட்ஸ்
(ஆ) 1344 × 48 360 = 64 995 840 ஹேர்ட்ஸ் ≈ 65 மெகாஹேர்ட்ஸ்
(இ) அக்காட் 15.625 கிலோஹேர்ட்ஸ் கோட்டு மீடிறனுக்கென அமைக்கப்பட்டது, 48.4 கிலோஹேர்ட்ஸ் துடிப்புடன் அது ஒத்தியங்காது.

7. (அ) இரு 75 ஓம் சுமைகள் சமாந்தரமாகி 37.5 ஓம் ஆகின்றன. அழுத்தம் 0.7 வோல்ற்றிலிருந்து 0.467 வோல்ற்றாகக் குறைகிறது. (உதாரணம் 3 இல் உள்ளவாறு படிகளை எழுதுக.)
(ஆ) பகிர்வு விரியலாக்கியைப் பயன்படுத்தல். ஊடுசெல் தொடுப்பில் இறுதிச் சாதனத்தில் மாத்திரம் 75 ஓம் தடையை வைத்தல்.
(இ) நலிவான எதிரொலியைத் தரும் சிறு மீன்பிடிப் படகுகள் மாலுமியின் திரையில் புலப்படாமற் போய், மோதல் நேரலாம்.

பரீட்சைக் குறிப்பு: கணிப்பு வினாக்களில் சமன்பாடு, பிரதியீடு, விடை, அலகு என நான்கையும் எழுதுக. பழுதுகாணல் வினாக்களில் குறைபாட்டை மீண்டும் விபரிப்பதைத் தவிர்த்து, எந்த வடம், ஏன் என்பதை நேரடியாகக் கூறுக.